சூடான விஸ்கியில் கசப்பு ஏன்?

கேள்வி: ஹாட் டாடி (மசாலாவும் தேனும் சேர்த்த சூடான விஸ்கி பானம்) செய்ய 6 கிராம்பு, பட்டை, எலுமிச்சைத் துண்டு, விஸ்கி எல்லாவற்றையும் சேர்த்து 10 நிமிடம் கொதிக்கவைத்தேன். ஒரே கசப்பு, விஸ்கியின் மணமும் போய்விட்டது. எங்கே தவறினேன்?

பதில்: விஸ்கியை அடுப்பில் ஏற்றவே கூடாது! ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்; மணமும் அதோடு பறந்துவிடும். கசப்பு, 6 கிராம்பை 10 நிமிடம் கொதிக்கவிட்டதால். 150 மி.லி. தண்ணீரில் பட்டையையும் இரண்டே கிராம்பையும் 5 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அடுப்பை அணைத்த பிறகே 45 மி.லி. விஸ்கி, ஒரு தேக்கரண்டி தேன். கோப்பையை முன்பே வெந்நீரால் சூடாக்கிக்கொள்ளுங்கள். கோப்பையைச் சூடாக்குவதை நான் ஒருநாளும் விடுவதில்லை.

இன்னொரு பதில்: எலுமிச்சைத் தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைப் பகுதியும் கசக்கும். மஞ்சள் தோலை மட்டும் மெல்லச் சீவிப் போடுங்கள். சாறு கடைசியில்.

கேட்டவர்: துண்டைத் தோலோடுதான் கொதிக்கவிட்டேன்! இன்றிரவே மறுபடி செய்துபார்க்கிறேன்.