பத்மினி ஹெட்லைட் மங்கல்: வயரிங் முழுசா மாத்தணுமா, ஜாயின்ட்டை மட்டும் பார்த்தா போதுமா?

கோவை_பத்மினி:
அப்பா ஓட்டின 1988 பத்மினி கார். ராத்திரி ஹெட்லைட் மஞ்சளா அழுது வடியுது. இண்டிகேட்டர் போட்டா அதோட சேர்ந்து ஹெட்லைட்டும் துடிக்குது. பேட்டரி புதுசு. டைனமோவை எப்பவோ எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் போட்டாச்சு, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில 13.8 வோல்ட் நிக்குது. பல்பு 60/55 வாட் ஹாலஜன். கடையில கேட்டா, மொத்த வயரிங்கையும் உருவிட்டுப் புதுசு போடணும்னு சொல்றாங்க. அவசியம்தானா?

கடலோரம்:
அவசியம்தான். நான் தூத்துக்குடி. என் பழைய வண்டியில ரெண்டு வருஷம் ஜாயின்ட் ஜாயின்ட்டா பிரிச்சுக்கிட்டே இருந்தேன். வயரைச் சீவினா உள்ள செம்பு கரேல்னு இருக்கும். இன்னும் ஒரு சாண் சீவினாலும் அதே கருப்பு. அதுல புது லக் (வயர் முனையில மாட்டுற உலோகக் காது) போட்டு என்ன பிரயோஜனம்? மேல இருக்கிற தோல் அப்பளம் மாதிரி நொறுங்குது. ஒருநாள் டேஷ்போர்டுக்கு அடியில புகை வந்துச்சு, பின்சீட்ல பசங்க இருந்தாங்க. அன்னைக்கே முடிவு பண்ணி முழுசா மாத்திட்டேன்.

டெஸ்ட்லைட்:
கடலோரம் சொல்றது உப்புக்காத்து ஊர் கதை. கோவை வண்டியை அதை வச்சு முடிவு பண்ணக்கூடாது. தம்பி, அளக்காம ஒரு வயரையும் வெட்டாதீங்க. இண்டிகேட்டரோட ஹெட்லைட்டும் துடிக்குதுன்னா எனக்கு முதல் சந்தேகம் எர்த் மேலதான், அதாவது பல்புல இருந்து வண்டித் தகரம் வழியா பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புற பாதை மேல.

இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்ல வைங்க. கருப்பு முனை பேட்டரி நெகட்டிவ்ல, கிளாம்ப் மேல இல்ல, ஈயக் குமிழ் மேலயே. சிவப்பு முனை பல்பு ஹோல்டரோட எர்த் காலுல. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டக்கூடாது. அப்புறம் பேட்டரி பாசிட்டிவ் குமிழுக்கும் பல்போட லைன் காலுக்கும் நடுவுல அதே மாதிரி பாருங்க.

மீட்டரை ஓம்ஸ்ல, அதாவது தடை அளக்கிற இடத்துல வச்சுப் பார்த்து ஏமாறாதீங்க. பத்து இழையில ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் நல்லாருக்குன்னுதான் காட்டும். ரெண்டு பல்புக்கும் சேர்த்து 9, 10 ஆம்பியர் ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும். 10 ஆம்பியர் போற இடத்துல 0.1 ஓம் தடை இருந்தா 1 வோல்ட் அங்கயே போயிடும், அந்தப் புள்ளி 10 வாட் சூடாகும்.

கோவை_பத்மினி:
அளந்துட்டேன் அண்ணே. எர்த் பக்கம் 1.4. பாசிட்டிவ் பக்கம் 1.2. பல்புக்குப் போறது வெறும் 11.2.

எர்த் ஸ்குருவைக் கழட்டினேன். ரெண்டு வருஷம் முன்னாடி பெயின்ட் அடிச்சப்போ அந்த இடத்துலயும் அடிச்சு, பெயின்ட் மேலயே லக்கை வச்சு முறுக்கியிருக்காங்க. ஸ்குருவோட மரை வழியாத்தான் இத்தனை நாளா எர்த் போயிருக்கு. அந்தக் கால பீங்கான் ஃப்யூஸோட கூர்முனை ரெண்டும் பச்சைக் களிம்பு, கிளிப் தொட முடியாத சூடு.

டெஸ்ட்லைட்:
பாருங்க! 13.8 வரவேண்டிய பல்புக்கு 11.2 வந்தா வெளிச்சம் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தகரம் பளிச்னு தெரியற வரைக்கும் தேயுங்க, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேல கிரீஸ் தடவுங்க. ஃப்யூஸைப் புதுசா மாத்தி, கிளிப்பைச் சுரண்டி, இறுக்கமா பிடிக்கிற மாதிரி லேசா நெருக்குங்க. களிம்பு போக புளி தேய்க்க வேண்டாம், குத்துவிளக்கைக் கழுவற மாதிரி இதைக் கழுவ முடியாது. புளிப்பு உள்ளயே தங்கி செம்பை அரிக்கும்.

மதுரை_மின்:
லக்கை ஈயம் வச்சுப் பத்தவைக்கிறது நல்லது. பிளையர்ல நசுக்கின லக்கை எத்தனை பேர் வண்டியில கையால இழுத்து எடுத்திருக்கேன் தெரியுமா?

டெஸ்ட்லைட்:
பிளையர்ல நசுக்கறது கிரிம்பிங்கே இல்ல. அதுக்குன்னு இருக்கிற ராட்செட் கருவியில போடணும். ஈயம் இழை வழியா மேல ஏறி வயரைக் குச்சி மாதிரி ஆக்கிடும். குச்சி முடியற இடத்துல இன்ஜின் அதிர்வுக்கு ஒவ்வொரு இழையா ஒடியும்.

மதுரை_மின்:
ஸ்லீவ் போட்டு, ஜாயின்ட்டுக்குப் பக்கத்துலயே கிளிப்ல கட்டினா வயர் ஆடாது, ஆடாத வயர் ஒடியாது. ஈயம் ஒட்டறதுக்குத் தடவுற ஃப்ளக்ஸ்ல ஆசிட் வகையைத் தொடக்கூடாது, ரோசின்தான். இதுல நான் மாறமாட்டேன் சார்.

கடலோரம்:
ஒரு ரிலேயும் போட்டுடுங்க, பழைய சுவிட்சுல கொஞ்சம் கரண்ட் மட்டும் போகும், பல்புக்கு பேட்டரியிலிருந்து நேரா வரும். ரிலே கால்ல நம்பர் இருக்கும்: 30ல பேட்டரி லைன், 87ல பல்பு, 85, 86ல பழைய சுவிட்சும் எர்த்தும். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். ஆனா ஹெட்லைட் பளிச்னு ஆயிடுச்சுன்னு நிறுத்திடாதீங்க. பிரேக் லைட்டும் வைப்பரும் இன்னும் அந்தப் பழைய வயர்லதான் ஓடுது.

கோவை_பத்மினி:
எர்த், ஃப்யூஸ் முடிச்சேன். ரிலே இன்னும் போடல, அதுக்குள்ளயே பல்புல 13.3 வருது. இண்டிகேட்டர் துடிப்பு நின்னுடுச்சு.

கடலோரம் சொன்னாரேன்னு இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவுல இருக்கிற தகரத்துல வயர் நுழையற ஓட்டையை டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ரப்பர் குரோமெட் இல்ல. ஹாரன் வயரோட தோலைத் தகரம் அறுத்து, செம்பு நகத்தளவு தெரியுது. இத்தனை நாள் ஒட்டாம இருந்ததே பெரிசு. பேட்டரியைக் கழட்டி வச்சுட்டேன். அந்த ஓட்டை வழியா போற வயர்க்கட்டை மட்டும் புதுசா இழுக்கப்போறேன்.

கடலோரம்:
ஒரு இடத்துல அறுத்திருக்குன்னா பின்னாடி டிக்கிக்குப் போற வயரையும் பாருங்க. நான் இன்னும் முழுசா மாத்தச் சொல்ற கட்சிதான்.

டெஸ்ட்லைட்:
பின்னாடி வயரை அவர் பார்க்கட்டும், நானும் அதைத்தான் சொல்வேன். பிரேக் பெடலை ஒருத்தர் மிதிக்க, பின் விளக்குலயும் ரெண்டு பக்கமும் அளந்து போடுங்க தம்பி. அப்புறம் பேசலாம்.