கார்டுலெஸ் டூல்ஸும் சர்வீஸ் சென்டரும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஏணிமேல்:
கார்பன் பிரஷ் மோட்டார் உள்ள சாதாரண டிரில்தான். வாங்கி ஒரு வருஷம் முடிவதற்குள் திடீரென்று குணம் மாறிவிட்டது. ஸ்விட்சை லேசாகத் தொட்டாலே முழு வேகத்தில் பாய்கிறது. அலமாரிக் கதவுக்குக் கீல் பூட்டுகிறவர்களுக்குத் தெரியும், ஸ்க்ரூ பிடிக்கிற வரைக்கும் மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். அந்த மெதுவான வேகமே போய்விட்டது. பிட் வழுக்கி, பாலிஷ் போட்ட கதவில் நீளமாக ஒரு கோடு.

சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் பேட்டரியை மாட்டி ஸ்விட்சை அடிவரை ஒரே அழுத்தாக அழுத்தினார். விர்ரென்று ஓடியது. "நல்லாத்தானே சார் ஓடுது?" என்றார். லேசா அழுத்திப் பாருங்க என்றேன். மறுபடியும் அடிவரை அழுத்தினார். நானே காட்டுகிறேன் என்று கையை நீட்டினால், "உள்ளே வாங்கினதை திருப்பிக் கையில கொடுக்க முடியாது சார்" என்கிறார். சீட்டில் எழுதித் தந்தது இது: "சோதித்தோம். ஓடுகிறது. கோளாறு இல்லை."

டிரில் கெட்டதைவிட அந்த "கோளாறு இல்லை"தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அப்புறம் வெளியே ஒரு மெக்கானிக் திறந்து பார்த்து உடனே சொல்லிவிட்டார். ஸ்விட்சுக்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மாஸ்ஃபெட் என்கிற மின்னணு உறுப்பு ஷார்ட் ஆகியிருக்கிறது. அது கெட்டால் பெரும்பாலும் கரண்டை அப்படியே விட்டுவிடும், நிறுத்தாது. ஸ்விட்ச் மாற்றியதும் பழையபடி ஆகிவிட்டது. உங்களுக்கும் இப்படிச் சீட்டு கிடைத்திருக்கிறதா?

ஜன்னல்சட்டம்:
சீட்டு இல்லை, போனிலேயே முடித்துவிட்டார்கள். சார்ஜரில் வைத்தால் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னும், சார்ஜ் ஏறாது. ஹெல்ப்லைனில் ஒரு பெண், ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "வேறொரு பேட்டரி போட்டுப் பார்த்தீங்களா சார்?" செட்டோடு ஒரே பேட்டரிதான் வந்தது என்றேன். "அப்படின்னா கோளாறு சார்ஜர்லயா பேட்டரிலயான்னு உறுதி பண்ண முடியாது சார்." அப்போ இன்னொண்ணு வாங்கிட்டுக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "ஆமா சார், அதுதான் நல்லது." நிஜமாகவே அப்படித்தான் சொன்னார். வாங்கினேன். பழைய பேட்டரிதான் போயிருந்தது. திரும்பக் கூப்பிட்டால், பேட்டரி தேய்மானப் பொருள், அதற்கு வாரண்டி காலம் தனி, அது முடிந்துவிட்டது என்கிறார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்த வருஷக்கணக்கு டூலுக்கு மட்டுமாம். இதை முதல் போனிலேயே சொல்லியிருக்கலாமே!

வோல்ட்மீட்டர்:
ஜன்னல்சட்டம் சகோ, அப்படி மின்னுவது பல கம்பெனி சார்ஜர்களில் "இந்தப் பேட்டரியை ஏற்றமாட்டேன்" என்பதற்கான அடையாளம். எனக்கும் நடந்தது. மாசக்கணக்கில் சும்மா கிடந்த 18 வோல்ட் பேட்டரி பேக், மீட்டர் வைத்தால் 9 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றது. சர்வீஸில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. 18 வோல்ட் பேக் என்பது ஐந்து லித்தியம் செல் வரிசை. ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட். முழுசாக ஏறினால் 4.2, மொத்தம் 21. இதையே சில கம்பெனிகள் "20 வோல்ட் மேக்ஸ்" என்று பெட்டியில் போடுகின்றன. இரண்டும் ஒன்றுதான், அதிக பவர் என்று நம்பி வாங்காதீர்கள். ஐந்தில் ஒரு செல் மட்டும் கீழே இறங்கினாலும் உள்ளே இருக்கும் போர்டு மொத்தப் பேக்கையும் நிறுத்திவிடும், மற்ற நாலும் நன்றாகவே இருக்கும். செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போகவே கூடாது. அதனால் எடுத்து வைக்கும்போது பாதி சார்ஜில் வையுங்கள். வெயிலில் நிற்கிற வண்டிக்குள் வைக்காதீர்கள். கிரைண்டர் ஓட்டிச் சூடான பேக்கை உடனே சார்ஜரில் சொருகாதீர்கள். குளிரில் ஜீரோ டிகிரிக்குக் கீழே இருந்தால் சார்ஜே ஏற்றாதீர்கள். "முழுசா இறக்கிட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு, லித்தியத்துக்கு அது கெடுதல்.

அப்புறம், செத்த பேக்கை எழுப்ப ஒரு வழி இருக்கிறது. நல்ல பேக் ஒன்றிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ், மைனஸுக்கு மைனஸ் கொஞ்ச நேரம் பிடித்தால் வோல்ட்டேஜ் ஏறிவிடும், சார்ஜர் ஏற்றுக்கொள்ளும். என்னுடையதை அப்படித்தான் எழுப்பினேன்.

மரத்தூள்:
வோல்ட்மீட்டர், கடைசிப் பத்தியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் சரி, அது மட்டும் வேண்டாம்.

எங்கள் பட்டறையில் ஒருவர் இதையேதான் செய்தார். சார்ஜர் ஏற்றுக்கொண்டது, பச்சை மின்னியது, எல்லோருக்கும் சந்தோஷம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இனிப்பு கலந்த மாதிரி ஒரு கெட்ட வாடை. பேக்கின் அடிப்பக்கம் பிளாஸ்டிக் இளகி சார்ஜரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நீளக் குறடால் சார்ஜரோடு சேர்த்துத் தூக்கிப்போய் வெளியே மணலில் போட்டோம். போட்டதற்கு அப்புறம்தான் ஒரு செல் புஸ்ஸென்று புகையைக் கக்கியது. உள்ளே முழுக்க மரச்சீவல் கிடக்கிற இடம். அந்தப் பெஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாடை ஞாபகம் வருகிறது.

காரணம் தெரிந்துதான் சொல்கிறேன். லித்தியம் செல் ரொம்பக் கீழே இறங்கிக் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்ப ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். சார்ஜர் மறுக்கிறதென்றால் காரணத்தோடுதான் மறுக்கிறது.

வோல்ட்மீட்டர்:
நான் பக்கத்திலேயே நின்று, கை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டேதான் செய்தேன். அந்தப் பேக் இன்றுவரை ஓடுகிறது. ஒரு பட்டறையில் நடந்ததை வைத்து எல்லாவற்றையும் தப்பு என்று சொல்ல முடியாது.

மரத்தூள்:
நீங்கள் நின்றீர்கள். படிக்கிற எல்லோரும் நிற்பார்களா? ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஏசிஃபிட்டர்:
சண்டைக்கு நடுவே என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். ரோட்டரி ஹாமர், வாரண்டிக்குள்தான். பில்லைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். கவுண்டரில் எடுத்து நீட்டினால் வெறும் வெள்ளைத் தாள். மேலே கடையின் அச்சடித்த சின்னம் மட்டும் இருக்கிறது, தேதி, சீரியல் நம்பர் எதுவுமே இல்லை. தெர்மல் தாள், சூட்டிலும் பிளாஸ்டிக் உறையிலும் மங்கிவிடுமாம். அந்தத் தாளை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், லேசாக ஒரு எட்டு மட்டும் தெரிந்தது. டூலின் மேல் சீரியல் நம்பர் தெளிவாக இருக்கிறது, அதை வைத்துத் தேடுங்கள் என்று கெஞ்சினேன். ஆன்லைனில் பதிவு செய்திருந்தால்தான் வருமாம்.

வேறு வழி பார்க்கலாம் என்று தலைமை சர்வீஸுக்கு எழுதினால், பேட்டரியோடு கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். கூரியர்காரர் பேட்டரியைத் தொடவே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. பழுதாகி ஆபத்தாகக்கூடிய லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்ற விதியே இடம் தராது. அதைத் தயாரிக்கிற கம்பெனிக்கா தெரியாது?

பிரஷ்லெஸ்:
ஏணிமேல் அண்ணே, கார்பன் பிரஷ் மோட்டார் வாங்கினதுதான் பிரச்சினை. பிரஷ்லெஸ் எடுத்திருந்தால் தேய்வதற்குப் பிரஷே இல்லை. என் கிரைண்டரும் அதுதான். நடுநடுவே இழுத்து இழுத்து நின்றது, சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த வயதானவர் சீட்டு எழுதுவதற்கு முன்னாடியே, "இருங்க தம்பி, உங்க கண்ணு முன்னாடியே திறக்கறேன்" என்று ஸ்க்ரூவைக் கழற்றினார். மோட்டாருக்குள் சுற்றுகிற ரோட்டரை வெளியே எடுத்துக் காட்டினார். காந்தம் அல்லவா, இரும்புத் தூள் அதைச் சுற்றி மீசை முளைத்த மாதிரி நின்றது. பிரஷால் தட்டி, துணியால் துடைத்து, காற்றடித்து மாட்டிக் கொடுத்தார். "இரும்பு அறுத்தா அன்னன்னைக்கே காத்து அடிச்சிருங்க, காத்து இழுக்கிற பக்கத்தைக் கையால மூடிப் பிடிக்காதீங்க" என்றார். பணமும் வாங்கவில்லை. கம்பெனியெல்லாம் ஒன்றுதான், அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பொறுத்துத்தான் எல்லாம்.

ஏணிமேல்:
தம்பி, எனக்குக் கெட்டது பிரஷ் இல்லை, ஸ்விட்ச். மறுபடி படியுங்கள். பிரஷ்லெஸ்ஸில் மாஸ்ஃபெட் ஒன்று இல்லை, சாதாரணமாக ஆறு இருக்கும். அதில் ஏதாவது போனால் பல மாடல்களில் போர்டு, ஸ்விட்ச் எல்லாம் சேர்த்து ஒரே உறுப்பாக மாற்றச் சொல்வார்கள். உங்களுக்கு நல்ல மனிதர் கிடைத்தார், அதில் எனக்குச் சந்தோஷம். எனக்குக் கிடைத்தவர் லேசாக அழுத்திப் பார்க்கக்கூட மறுத்தவர்.

பழையபட்டறை:
உங்கள் எல்லோருக்கும் டூல் கெட்டது. எனக்கு டூல் கெடவே இல்லை. 12 வோல்ட் நிக்கல் காட்மியம் டிரில், பிட்டைப் பிடிக்கிற சக் இன்றும் ஆடாமல் நேராகச் சுற்றும். பேட்டரிதான் கிடைக்கவில்லை, அந்த மாடலை நிறுத்திவிட்டார்களாம். சர்வீஸில் டிரிலைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "நல்ல மெஷின் சார் இது" என்று சொல்லிக்கொண்டே புது செட் விலைப்பட்டியலை என் பக்கம் தள்ளினார்.

கடைசியில் பேக்கைப் பிரித்துச் செல் மாற்றிக் கொடுக்கிற ஒருவரிடம் கொடுத்தேன். இதை யாராவது செய்வதாக இருந்தால், செல்மேல் நேராக ஈயம் வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள், அந்தச் சூட்டிலேயே புது செல் கெட்டுப்போகும். ஸ்பாட் வெல்டிங் செய்கிறவரிடம் போங்கள். என் டிரில் இப்போது ஓடுகிறது.

ஏணிமேல், உங்கள் டிரிலில் புதிதாகப் போட்ட ஸ்விட்ச் மேல் ஒரு பாகம் எண் இருக்கும். இப்போதே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை போகும்போது மாடல் பெயரைச் சொல்லாதீர்கள், அந்த எண்ணைச் சொல்லுங்கள்.