துபாஷியா, மொழிபெயர்ப்பாளரா?

திருவாரூர்த் தம்பி: ‘மொழிபெயர்ப்பு’ ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்த சொல் என்பது என் கட்சி. டிரான்ஸ்லேட் என்பதன் லத்தீன் வேரும் ‘அப்பால் கொண்டுபோவது’தான். கூட நின்று ஒருவர் பேச்சை இன்னொரு மொழியில் சொல்கிறவருக்கு நம்முடைய பழைய தமிழ்ச் சொல் துபாஷி. அதை ஏன் விட்டோம்?

மாயவரத்தான்: தம்பி, தலைகீழாகச் சொல்கிறீர்கள். தொல்காப்பிய மரபியலில் வழிநூல், அதாவது முன் நூலைப் பின்பற்றி எழுதும் நூல், வகைகளைச் சொல்லும்போதே ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ (மொழிபெயர்த்து முறைப்பட எழுதுவது) வந்துவிடுகிறது. இங்கிலீஷ்காரன் எங்கே இருந்தான் அப்போது? துபாஷிதான் வடமொழி. த்வி, பாஷா: இரண்டு மொழிக்காரன்.

திருவாரூர்த் தம்பி: குறுந்தொகை 11-ஆம் பாட்டில் ‘மொழிபெயர் தேஎம்’ என்றால் வேற்றுமொழி வழங்கும் நாடு. அங்கே யாரும் எதையும் மொழிபெயர்க்கவில்லையே அண்ணே?

மாயவரத்தான்: பெயர்தல் தானாக மாறுவது, பெயர்த்தல் நாம் மாற்றுவது. நாற்றைப் பெயர்த்து நடுகிற மாதிரி.

திருவாரூர்த் தம்பி: எந்த ஊரில் நாற்றைப் பெயர்க்கிறார்கள்? எங்கள் பக்கம் பறிப்பார்கள். வரப்பில் இடித்துக்கொண்டால் கால் நகம்தான் பெயரும் :)

பொறையார்வாசி: சண்டையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். துபாஷி வெறும் மொழி ஆள் இல்லை. கும்பினி என்கிற வெள்ளைக்கார வியாபாரக் கம்பெனிக்கும் ஊர் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று பேரம் பேசியவர், தரகும் பார்த்தவர். பாண்டிச்சேரி பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அப்படித்தான். எங்கள் தரங்கம்பாடியிலும் டேனிஷ் கும்பினிக்குத் துபாஷியாக இருந்த அழகப்பன், 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவுக்கு உதவினார். அப்புறம் வேடிக்கை பாருங்கள், இன்டர்பிரட்டருக்கு மூலமான லத்தீன் ‘இன்டர்ப்ரெஸ்’ஸுக்கும் இடைத்தரகர் என்ற பொருள் உண்டு. உருதுவில் மொழிபெயர்ப்பைச் சொல்லும் தர்ஜுமா அரபியிலிருந்து வந்தது; துபாஷி மாதிரி ஆளுக்கு ஐரோப்பியர் சொன்ன ‘டிராகோமன்’னும் அந்த வழிதான், பழைய மெசபடோமியாவின் அக்காடிய மொழியில் ‘தர்குமன்னு’ வரை போகிறது. பிறமொழிச் சொல் என்று ஒதுக்கினால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது.

மாயவரத்தான்: நான் ஒதுக்கவில்லை. மொழிபெயர்ப்பை இரவல் என்றதற்குத்தான் பதில். பட்டினப்பாலையில் பூம்புகாரில் பல மொழிக்காரர்கள் கலந்து வாழ்ந்தார்கள் என்று வருகிறது. இரண்டு மொழி தெரிந்த ஆள் இல்லாமலா கப்பல் சரக்கு கைமாறியிருக்கும்? வேலை பழையது. துபாஷி என்ற பெயர்தான் பிறகு வந்தது.

திருவாரூர்த் தம்பி: சரி, தொல்காப்பியத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நூல் எழுதுகிறவருக்கு. கூடவே நின்று வாயால் சொல்கிறவருக்கு ‘உரைபெயர்ப்பாளர்’ என்று எழுதினால் யாருக்குப் புரிகிறது? அவர் துபாஷிதான், நான் மாறப்போவதில்லை.

மாயவரத்தான்: தாராளமாக எழுதுங்கள். பழைய தமிழ்ச் சொல் என்று மட்டும் எழுதாதீர்கள்.