12, 18, 20: எனக்கு ஏன் 180 வரவில்லை?

கொரட்டூர்க்காரி:
குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். பள்ளியை விட்டுப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. பகலில் பாடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். இரவு பத்து மணிக்குமேல்தான் நோட்டைத் திறக்க முடிகிறது. திறனறி பகுதியின் 25 கேள்விகளை விட்டுவிட மனமில்லை.

12, 18, 20 ஆகியவற்றின் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு, அதாவது மூன்று எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்) வேண்டும். 2ஆல் வகுத்தேன்: 6, 9, 10. அதற்குமேல் மூன்றுக்கும் பொதுவாக எதுவும் இல்லை. 2×6×9×10 = 1080. சந்தேகம் வந்து, மூன்றின் பெருக்குத்தொகையை மீ.பெ.கா.வால் (மீப்பெரு பொதுக் காரணி, மூன்றையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்) வகுத்தேன்: 4320÷2 = 2160. விடைத்தாளிலோ 180! நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் கூட்டுகிறவளுக்கு இந்த மூன்று எண்கள் தண்ணீர் காட்டுகின்றன.

மாலை டியூஷன்:
நிறுத்திய இடம்தான் தவறு. மூன்றுக்கும் பொதுவாக இல்லை என்றதும் நிறுத்துவது மீ.பெ.கா.வுக்கு. மீ.சி.ம.வில் ஏதேனும் இரண்டு எண்கள் வகுபட்டாலும் தொடருங்கள். வகுபடாததை அப்படியே கீழே இறக்குங்கள். 6, 9, 10ஐ மறுபடி 2ஆல் வகுத்தால் 3, 9, 5. அடுத்து 3ஆல்: 1, 3, 5. ஆக 2×2×3×1×3×5 = 180.

பெருக்குத்தொகையை மீ.பெ.கா.வால் வகுக்கும் அந்த இரண்டாவது சூத்திரம் இரண்டு எண்களுக்கு மட்டுமே. 12, 18க்கு 36; பிறகு 36, 20க்கு 720÷4 = 180.

லேத்காரர், அம்பத்தூர்:
தங்கச்சி, எனக்கு மீ.சி.ம. புரிந்தது பள்ளியில் அல்ல, பட்டறையில். (எங்கள் காலத்தில் மீ.பொ.ம. என்போம்.) 24 பல், 36 பல் கியர்களைக் கோத்து, தொடும் இரு பற்களிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். 72 பல் நகர்ந்ததும் அதே இரண்டும் மறுபடி சந்திக்கும். சின்னது மூன்று சுற்று, பெரியது இரண்டு. சின்னதில் ஒரு பல் பிசிறாக இருந்தால் எதிரே அதே மூன்று பற்களைத்தான் தின்றுகொண்டிருக்கும். 36ஐ 37 ஆக்கிப் பாருங்கள், மீ.சி.ம. 888, 37 பற்களும் தேய்மானத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

பெரிய எண் வந்தால் காரணி தேடி அலைய வேண்டாம். 391, 493க்கு என்ன காரணி என்று யாருக்குச் சட்டென்று தோன்றும்? யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் எழுதிவைத்த வழி இருக்கிறது: பெரியதைச் சிறியதால் வகு, மீதியால் சிறியதை வகு, அப்படியே போ. மீதிகள் 102, 85, 17, 0. ஆக மீ.பெ.கா. 17. 391÷17 = 23; 23×493 = 11,339, அதுதான் மீ.சி.ம. முதலில் வகுத்துவிடுங்கள், பெருக்கிவிட்டு வகுத்தால் எண் வீங்கிவிடும்.

கடைசி பெஞ்ச்:
தேர்வறையில் நான்கு விடைகள் கண்முன்னே இருக்கின்றன. சிறியதிலிருந்து பாருங்கள், கேள்வியிலுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் முதல் எண்ணைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

கொரட்டூர்க்காரி:
இப்போதுதான் 15, 24, 40 போட்டேன். 120 வருகிறது. அண்ணா, சரியா?

லேத்காரர், அம்பத்தூர்:
சரி. போய்த் தூங்குங்கள், மணி ஒன்றாகிறது.