கனப் பெப்டைடை டிரிப்சினுக்கு முன் சேர்ப்பதா, பின் சேர்ப்பதா? தைரோகுளோபுலின் அளவீட்டில் ஓர் ஐயம்

ஆய்வு மாணவி:
வணக்கம். மனிதச் சீரத்திலுள்ள தைரோகுளோபுலினை (தைராய்டு சுரப்பி உருவாக்கும் புரதம்) டிரிப்சின் என்னும் புரதம் வெட்டும் நொதியால் துண்டாக்கி, அதிலிருந்து வரும் ஒரு பெப்டைடை (சிறு புரதத்துண்டை) டிரிபிள் குவாட்ருபோல் நிறைநிறமாலைமானியில் அளந்து வருகிறேன். அது வாலினில் தொடங்கி ஆர்ஜினினில் முடியும் 12 அமினோ அமிலப் பெப்டைடு. அகத்தரமாக (ஒப்பிட்டு அளக்க அறிந்த அளவில் சேர்க்கும் பொருளாக) நான் சேர்க்கும் கனப் பெப்டைடும் அதே வரிசைதான். இறுதி ஆர்ஜினினின் 6 கார்பன்களும் 4 நைட்ரஜன்களும் மட்டும் கார்பன்-13, நைட்ரஜன்-15 ஆக மாற்றப்பட்டவை. ஆகவே நிறை 10 டால்டன் கூடுகிறது. இரட்டை மின்னூட்ட அயனியில் இரண்டுக்கும் 5 அலகு இடைவெளி. இரண்டும் பிரிப்பு நிரலிலிருந்து ஒரே நேரத்தில் வெளிவருகின்றன, அவற்றின் விகிதமும் மறுஅளவீடுகளில் நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆனால் அளவு தெரிந்த தைரோகுளோபுலினைச் சீரத்தில் சேர்த்துச் சோதித்தால் ஏறக்குறையப் பாதிதான் கிடைக்கிறது. செரிப்பு நேரத்தை (டிரிப்சின் வெட்டும் நேரத்தை) நீட்டினால் மதிப்பு ஏறுகிறது. கனப் பெப்டைடை இப்போது செரிப்பு முடிந்த பிறகே சேர்க்கிறேன். முன்னதாகவே சேர்த்தால் இக்குறை நீங்குமா?

நிறமாலையன்:
நீங்காது. கனப் பெப்டைடு எந்த இழப்புகளைத் தானும் சேர்ந்து அனுபவிக்கிறதோ அவற்றை மட்டுமே ஈடுசெய்யும். குழாய்ச் சுவரில் ஒட்டுவது, தூய்மையாக்கலில் கழிவது, மாதிரியின் பிற பொருள்களால் அயனியாக்கம் அடங்கிப்போவது ஆகிய மூன்றும் இரு பெப்டைடுகளுக்கும் பொது என்பதால் விகிதத்தில் அடிபட்டுப்போகின்றன. புரதத்திலிருந்து பெப்டைடு அறுபட்டு வெளிவரும் கட்டமோ கனப் பெப்டைடுக்குக் கிடையாது. அது முன்பே அறுபட்ட நிலையில்தான் உள்ளே வருகிறது. உங்கள் விகிதம் சீராக இருப்பது, முழுமையடையாத செரிப்பு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் நிகழ்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது.

முன்னதாகச் சேர்ப்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. கனப் பெப்டைடு தொடக்கம் முதலே நொதிகளின் நடுவே கிடக்கிறது, இயற்கைப் பெப்டைடோ சிறிது சிறிதாக வெளிவருகிறது. பெப்டைடு நிலையற்றதாக இருந்தால் கனமானது கூடுதலாகச் சிதைந்து, விகிதம் பொய்யாக உயரும். பாதியளவு கிடைத்த இடத்தில் அந்த உயர்வு உங்களுக்கு இனிப்பாகத் தோன்றக்கூடும் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

முதலில் செரிப்பைச் சரிசெய்யுங்கள். தைரோகுளோபுலின் 660 கிலோடால்டன் எடையுள்ள இருபடிப் புரதம். மடிப்பை இறுக்கிப் பிடிக்கும் டைசல்பைடு (கந்தக-கந்தக) பிணைப்புகள் ஏராளம், சர்க்கரைக் கிளைகளும் உண்டு. மடிப்பைக் குலைத்து, டைசல்பைடுகளை ஒடுக்கிப் பிரித்து, அவை மீண்டும் சேராதபடி அல்கைலேற்றிய பிறகுதான் டிரிப்சினைச் சேர்க்க வேண்டும். பின்னர் வெவ்வேறு நேரங்களில் மாதிரி எடுத்து, மதிப்பு எங்கே சமன்படுகிறது என்று பாருங்கள்.

சீரக்கூடத்தார்:
மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன், ஒன்றில் வேறுபடுகிறேன். மதிப்பு சமன்பட்டுவிட்டது என்பதற்காகச் செரிப்பு முழுமையடைந்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது. டிரிப்சின் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு செயலிழந்தாலும் கோடு அப்படித்தான் படுக்கும். இரு முனைகளிலும் சில அமினோ அமிலங்கள் நீட்டப்பட்ட கனப் பெப்டைடைச் சேர்க்கச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதற்கும் வெட்டு தேவைதான் என்றாலும், மடிந்து கிடக்கும் பெரும்புரதத்தைவிட அது மிக எளிதில் வெட்டுப்படும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. முழுப் புரதத்தையே கன ஐசோடோப்புகளுடன் தயாரித்துத் தொடக்கத்திலேயே சேர்ப்பது சிறந்தது. ஆனால் சர்க்கரையும் அயோடினும் ஏறிய இத்தகைய புரதத்தை அப்படித் தயாரிப்பது எளிதன்று.

நடைமுறையில் அளவுத்திருத்தத்தை (அளவு தெரிந்த மாதிரிகளோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதை) பெப்டைடு மட்டத்திலிருந்து புரத மட்டத்துக்கு மாற்றுவதே வழி. சி.ஆர்.எம். 457 என்னும் சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளான தைரோகுளோபுலினோடு ஒப்பிட்டு மதிப்பிடப்பட்ட புரதத்தை, மனிதத் தைரோகுளோபுலின் இல்லாத கோழிச் சீரம் போன்ற ஒன்றில் படிப்படியான செறிவுகளில் கலந்து, நோயாளி மாதிரிகளோடு சேர்த்தே செரிக்க வையுங்கள். இரண்டிலும் செரிப்பு ஒரே அளவு நிகழும்வரை அதன் குறை அடிபட்டுப்போகும். ஒரே அளவுதானா என்பதை அறிய, அளவு தெரிந்த புரதத்தைப் பல நோயாளிகளின் சீரத்தில் சேர்த்து மீட்பை (சேர்த்ததில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பதை) பார்க்க வேண்டும். தைரோகுளோபுலின் எதிர் எதிர்ப்பொருள் உள்ள மாதிரிகளையும் தவறாமல் சேருங்கள்; நோயெதிர்ப்புச் சோதனைகளை விட்டு இம்முறைக்கு வருவதற்கே அவற்றில் குறுக்கிடும் அந்த எதிர்ப்பொருள்கள்தாமே காரணம்.

ஆய்வு மாணவி:
இருவருக்கும் நன்றி. புரத மட்ட அளவுத்திருத்தத்துக்கு மாறுகிறேன். செலவைக் குறைக்க, டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய பெப்டைடைப் பயன்படுத்தலாமா?

நிறமாலையன்:
வேண்டாம். டியூட்டீரியம் ஏறியது பெப்டைடுகளைப் பிரிக்கும் தலைகீழ்நிலை நிரலில் சற்று முந்தி வெளிவரும். இரண்டும் ஒரே கணத்தில் அயனி மூலத்தை அடையாவிட்டால் அயனியாக்க அடக்கம் இரண்டுக்கும் வேறுபடும். கார்பன்-13, நைட்ரஜன்-15 குறியீடுகளில் இத்தொல்லை கிடையாது.

செலவைவிடத் தூய்மையைக் கவனியுங்கள். கனப் பெப்டைடில் 0.2 விழுக்காடு குறியிடாத பெப்டைடு கலந்திருந்து, இயற்கைப் பெப்டைடைப் போல் 50 மடங்கு சேர்த்தீர்கள் என்றால், அளவிடும் சமிக்ஞையோடு 10 விழுக்காடு பொய்ச் சமிக்ஞை ஏறிவிடும். தைராய்டு அறுவைக்குப் பின் தைரோகுளோபுலின் மிகக் குறைந்துள்ள நோயாளியிடம் இதுவே முடிவைப் புரட்டிவிடக்கூடியது. ஆகவே கோழிச் சீரத்தில் கனப் பெப்டைடை மட்டும் சேர்த்து ஒரு வெற்று மாதிரியை ஒவ்வொரு தொகுதியிலும் ஓட்டுங்கள்.