இரவு நேர வழக்குகள் எங்களுக்குத் தாமதமாக வருகின்றன, வழி சொல்லுங்கள்

காவல் நிலையத்தோடு சேர்ந்து, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் சமூகப் பணியாளர் நான். பகலில் வரும் வழக்குகளில் சிக்கல் இல்லை. இரவில் பதிவாகும் குடும்ப வன்முறை வழக்குகள்தான் நாலைந்து நாள் கழித்து எங்கள் காதுக்கு வருகின்றன. அதற்குள் அந்தப் பெண் அடித்தவன் இருக்கும் வீட்டுக்கே திரும்பியிருப்பார். தெரியாத எண் என்று போனையும் எடுக்க மாட்டார். பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டியதே அந்த முதல் ஒன்றிரண்டு நாளில்தான்.

ரோந்து வண்டிகளில் எங்கள் எண் போட்ட அட்டை வைத்தோம். பணி மாறும் நேரத்தில் போய்ப் பேசினோம். புகார் படிவத்தில் ‘சமூகப் பணியாளர் உங்களை அழைக்கலாமா?’ என்று ஒரு கட்டம் சேர்த்தார்கள். பெரும்பாலும் காலியாகவே வருகிறது. உதடு கிழிந்து நிற்பவரிடம் படிவத்தை நீட்டினால் யார்தான் நிதானமாகப் பதில் சொல்வார்? அப்புறம் தினசரிப் பதிவேட்டைக் கேட்டோம். அந்தரங்கத் தகவல் என்று மறுத்துவிட்டார்கள், அதுவும் நியாயம்தான்.

பாதிக்கப்பட்ட எல்லாருடைய விவரத்தையும் காவல் நிலையமே உடனே சமூகப் பணியாளருக்கு அனுப்பிவிட்டு, வேண்டாம் என்பவரை மட்டும் விட்டுவிடும் முறையில் யாராவது வேலை செய்கிறீர்களா? அப்படியானால், காவல்துறையுடனான ஒப்பந்தத்தில் பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தைப் பற்றி எப்படி எழுதினீர்கள்?