வெண்கலத் தட்டில் பெயர் இருக்கிறது, ஆள் யார்? உதவி தேவை

ஹாரோவாசி: அவசரம். இங்கே கார் பூட் சந்தையில் (காரின் பின்பெட்டியில் பழைய சாமான் வைத்து விற்பார்களே) ஒரு கனமான வட்டத் தட்டு வாங்கினேன். கையில் சூலத்தோடு ஒரு பெண், பக்கத்தில் சிங்கம், ஒரு ஆள் பெயர். முதல் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ் சிப்பாயாம். எந்தப் படை, எங்கே இறந்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மாறன்: பெயர் என்ன? ரெஜிமென்ட்? எண்?

ஹாரோவாசி: எண் இருந்தால் நான் ஏன் கேட்கிறேன்? பெயரைப் பொதுவில் போட மனமில்லை, குடும்பத்தார் இருக்கலாம். தேடினால் அதே பெயரில் ஏகப்பட்ட பேர் வருகிறார்கள்.

பழையபெட்டி: பெயர் சொல்லாமல் ஆளைக் கேட்க இது சோசியக் கடை இல்லை. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். சரி, சொல்கிறேன். அந்தத் தட்டில் பதவி, படை எதுவும் இருக்காது. ஜெனரலும் சிப்பாயும் சாவில் சமம் என்று வேண்டுமென்றே அப்படி வார்த்தார்கள். 13 லட்சத்துக்கு மேல் செய்து, இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கு அனுப்பினார்கள். கூடவே பதக்கம் ஏதாவது கிடைத்ததா?

குமார்_கே: வீண் வேலை. 1940 செப்டம்பரில் லண்டன் ராணுவ ஆவணக் கிடங்கில் குண்டு விழுந்து சிப்பாய்களின் கோப்புகள் பாதிக்கு மேல் எரிந்துவிட்டன.

மாறன்: எரிந்தது பணிக்கோப்புகள். யாருக்கு என்ன பதக்கம் என்று குறித்த அட்டைகள் அப்படியே இருக்கின்றன. எந்த இழையிலும் இதையே சொல்கிறீர்கள்.

செல்வி: எழுத்து மங்கலாக இருந்தால் புளி போட்டுத் தேயுங்கள், பளிச்சென்று தெரியும்.

பழையபெட்டி: தயவுசெய்து வேண்டாம்! நூறு வருஷ நிறம் ஒரே தேய்ப்பில் போய்விடும்.

செல்வி: எங்கள் வீட்டு வெண்கலப் பானை மூன்று தலைமுறையாகப் புளியில்தான் துலங்குகிறது, ஒன்றும் ஆகவில்லை.

பழையபெட்டி: பானையில் பெயர் படிக்க வேண்டியதில்லை அம்மா.

குமார்_கே: எலுமிச்சை நல்லது.

ஹாரோவாசி: பதக்கமா தெரியவில்லை, அதே பொட்டலத்தில் வெள்ளிக்காசு மாதிரி ஒன்று இருந்தது. ராஜா தலை, பின்னால் குதிரைமேல் துணியில்லாமல் ஒருவர். சம்பந்தம் உண்டா?

பழையபெட்டி: இதை அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்.

ஹாரோவாசி: ஆமாம்! பி.எஸ். என்று தொடங்கும் எண், பிரைவேட், அதே பெயர், மிடில்செக்ஸ்.

மாறன்: பி.எஸ். என்றால் பப்ளிக் ஸ்கூல்ஸ் பட்டாலியன், மிடில்செக்ஸ் ரெஜிமென்டின் 16ஆவது பட்டாலியன். அப்படியானால் பிரான்சில் சோம் போரின் முதல் நாள், 1916 ஜூலை 1, ஜெர்மானியர் பிடித்திருந்த ஹாத்தார்ன் மேடு. பிரிட்டிஷார் மேட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வைத்த வெடியைக் காலை 7.20க்கே வெடித்துவிட்டு 7.30க்குத்தான் தாக்கினார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் ஜெர்மானியர் வெடித்த பள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

பழையபெட்டி: அதற்குள் கதை கட்டாதீர்கள். காயம்பட்டுத் திரும்பியவர்களை வேறு பட்டாலியனுக்கும் அனுப்பினார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயரோடு எண்ணையும் ஒப்பிடுங்கள், சாகும்போது இருந்த பட்டாலியன் அதில் இருக்கும். அப்புறம் லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தப் பட்டாலியனின் போர் நாட்குறிப்பு. அதில் அதிகாரிகள் பெயர்தான் வரும், சிப்பாய் பெயர் அபூர்வம்.

ஹாரோவாசி: கிடைத்துவிட்டார். 16ஆவதுதான், ஜூலை 1. உடல் கிடைக்கவில்லை, தியெப்வால் நினைவுச்சின்னத்தில் பெயர். எல்லோருக்கும் நன்றி.

மாறன்: அந்த ஆணையப் பட்டியலின் கூடுதல் தகவல் பகுதியில் பெற்றோர் பெயர், முகவரி இருக்கிறதா? இருந்தால் 1911 குடிக்கணக்கில் வீட்டையே பிடித்துவிடலாம்.

மாறன்: ஹாரோவாசி?

செல்வி: புளி போட்டாரா என்றாவது சொல்லியிருக்கலாம்.